கொஞ்சம் என்றால் எவ்வளவு

கடலைக்காரனிடம் "கொஞ்சம் குடுப்பா" என்று கேட்டீர்களே, தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவன் பாட்டுக்குக் காகிதத்தைச் சுருட்டிப் பாதிவரைக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டான். நீங்களும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஐம்பது கிராமா, நூறு கிராமா, அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேண்டாம், எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள். எனக்குக் கடலை பித்தம்.

நான் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து. சம்பந்தியம்மாவை இங்கிலாந்துக்கு ஏற்றிவிட்டு வருகிறேன். ஆமாம், அவர்கள்தான் போகிறார்கள், நான் ஏற்றிவிட்டவள். பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே, அவர் என் வீட்டுக்காரர். அவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றால் பார்க்கிறீர்களே. வள்ளியூரில்தானே இறங்குகிறீர்கள்? அதற்குள் சொல்லிவிடுவேன். இந்த பஸ் எங்கே வேகமாகப் போகப் போகிறது.

என் பையன் அருணாசலம் லீட்ஸில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. இருட்டோடு போவான், இருட்டோடு வருவான். அவன் பெண்டாட்டி பொன்மணி உண்டாகியிருக்கிறாள், தலைப்பிள்ளை, தை மாதம். அங்கே டாக்டர் அவளை அதிகம் நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடோ ஒரு படுக்கையறை வீடு. ஹாலில் இன்னும் ஒரே ஒரு ஆள் படுக்கலாம். அந்த ஒரு ஆள் யார்? இதுதான் கேள்வி.

தலைப்பிரசவம் தாய் வீட்டு உரிமை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி டவுனில் பிரசவம் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் பிரசவம் நடக்கப்போவது லீட்ஸில். அங்கே போகிறவள் கடைக்குப் போகவேண்டும், பால் வாங்கவேண்டும், ரொட்டி வாங்கவேண்டும், கறிகாய் வாங்கவேண்டும். வாயைத் திறந்து இங்கிலீஷில் கேட்கவேண்டும். பொன்மணியின் அம்மா உலகம்மாள் டவுனில் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் பாளையங்கோட்டைக்கு வருவதையே அவர்கள் ஊருக்குப் போவதாகச் சொல்வார்கள். நான் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். வேறு நான் என்ன சொல்ல?

என் இங்கிலீஷ் சாதாரண இங்கிலீஷ் இல்லை. சிஸ்டர் எமரென்சியா அடித்து வளர்த்த இங்கிலீஷ். ஒருநாள் காம்போசிஷனில் 'மை மதர் பாட் சம் ரைஸ்', அம்மா கொஞ்சம் அரிசி வாங்கினாள் என்று எழுதிவிட்டேன். ஸ்கேலோடு என் பெஞ்சுக்கு வந்து, "ஹவ் மச் இஸ் சம், வசுமதி?" என்று கேட்டார்கள். வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தார்கள். அன்றைக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் அளவு தெரியாமல் ஒரு பொருளும் என் வீட்டு வாசல்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. கறிவேப்பிலையைக்கூட எண்ணித்தான் தாளிப்பேன். இவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பொன்மணி உண்டான நாளிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்கு நான் போன் போடுவேன். அங்கே காலைப் பலகார நேரம். "சாப்பிட்டேன் அத்தை" என்பாள். சாப்பிட்டேன் என்றால் எவ்வளவு? ஹவ் மெனி இட்லிஸ்? மூன்றா? சின்ன இட்லியா, பெரிய இட்லியா? பால் எத்தனை மில்லி? பாதாம் அரை டஜன் ஊறப்போடச் சொன்னேனே, போட்டாயா? ஆப்பிள் முழுசா, பாதியா, ஒரு ஸ்லைஸா? அந்தப் பெண்ணுக்கு அளவே தெரியாது, பாவம், வளர்ப்பு அப்படி. "ஏதோ சாப்பிட்டேன் அத்தை" என்பாள். ஏதோ என்பது ஒரு அளவா? அதனால் சமையலறையில் வைக்கிற சின்னத் தராசு ஒன்றை இங்கிருந்தே ஆர்டர் போட்டு அவள் வீட்டு வாசலில் இறக்கவைத்தேன். எத்தனை மாமியார் செய்வாள் இதை? அதற்கப்புறம் லீட்ஸில் நெட்வொர்க் மோசமாகிவிட்டது. சரியாக நான் போன் போடும் நேரத்தில்தான் கட் ஆகும். வல்லரசு என்கிறார்கள், ஒரு டவர் ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

ஆவணியில் அருணா கூப்பிட்டான். "அம்மா, ஒரு உதவி. கடையில பேசுற அளவுக்கு அத்தைக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடேன். எவ்வளவு வேணும், எத்தனை வேணும்னு கேட்கத் தெரிஞ்சாப் போதும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பையன் நேராகச் சொல்லச் சங்கடப்படுகிறான். மாமியாரை வேண்டாம் என்று மருமகன் எப்படிச் சொல்வான்? அவர்களுக்கு வரவில்லை என்பது வெளியே தெரியட்டும், அம்மாவே வரட்டும் என்று கணக்குப் போடுகிறான். நான் அவனைப் பெற்றவள், இதுகூடத் தெரியாதா.

"எப்பப் படிக்கிறது?" என்றேன்.

"மதியம் ஒரு மணிக்கு வச்சுக்கோயேன். பொன்மணிதான் சொன்னா."

அதாவது என்னோடு பேசுகிற நேரத்தைத் தன் அம்மா படிப்புக்காக அந்தப் பெண் விட்டுக்கொடுத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நல்ல மனசு.

மறுநாளே உலகு மதினி பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று தூக்குச்சட்டியில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்து, அதை என் மேஜையில் வைத்து எனக்கும் பரிமாறினார்கள். இது எந்த ஊர் முறை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சாதம் நன்றாகத்தான் இருந்தது.

நான் மேஜையில் சாமான்களைப் பரப்பிவைத்தேன். "சொல்லுங்க மதினி. அ லோஃப் ஆஃப் பிரெட்."

"அலோப்பா பிரெட்."

"அ பஞ்ச் ஆஃப் கிரேப்ஸ். அ டஜன் எக்ஸ். அ லிட்டர் ஆஃப் மில்க்."

"டஜன், லிட்டர் எல்லாம் தெரியும் மதினி. அரை டஜன் டம்ளர், ரெண்டு லிட்டர் குக்கர், அஞ்சு கிலோ அண்டா, ஒரு செட் டிபன் பாக்ஸ், ஒரு பாக்கெட் ஸ்க்ரூ. எங்க கடையில நாள் பூரா இதானே."

"அது தமிழ் மதினி. நான் சொல்றது இங்கிலீஷ்."

"ஓ" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொள்வதில் குறையே சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் லோஃப், பஞ்ச், கார்ட்டன், ஸ்லைஸ் எல்லாம் வந்துவிட்டது. எனக்கே பயம் வந்துவிட்டது, நிஜமாகவே தேறிவிடுவார்களோ என்று. அதனால் கொஞ்சம் கடினமாக்கினேன். பவுண்ட், அவுன்ஸ், பாலுக்குப் பைன்ட். பாடம் என்றால் முழுதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் பாடம் முட்டிக்கொண்டு நின்றது. நான் சொன்னேன்: "இப்ப லீட்ஸ்ல இருக்கீங்க. பொன்மணிக்குப் பால் வாங்கணும். கடைக்காரன் கேக்கான், ஹவ் மச் மில்க் டு யூ வான்ட்? என்ன சொல்லுவீங்க?"

மதினி மேஜையில் இருந்த பால் பாக்கெட்டைத் தள்ளிவைத்தார்கள்.

"சொல்லுங்க மதினி. அ பைன்ட்? டூ லிட்டர்ஸ்?"

"பொன்மணிக்கா?"

"பொன்மணிக்குத்தான்."

"அவளுக்கு அளவு சொல்லக் கூடாதுல்லா மதினி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஏன் கூடாது?"

"பிள்ளைத்தாச்சி தின்கிறத எண்ணுனா கண்ணு விழுந்துரும். எங்க வீட்ல யாரும் எண்ண மாட்டோம். தோசையா, அவ இலையில விழுந்துக்கிட்டே இருக்கும். போதும்னு அவ கை காட்டுற வரைக்கும் போடணும். எத்தனைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டா அந்தச் சாப்பாடு உடம்புல ஒட்டாது."

"கடைக்காரன் நீங்க கை காட்டுற வரைக்கும் பாலை ஊத்திக்கிட்டே நிப்பானா?"

"நல்ல மனுஷனா இருந்தா நிப்பான்."

சொல்லுங்கள், இதற்கு நான் என்ன பதில் சொல்வது? தனக்கு என்றால் அரை கிலோ, கால் கிலோ, ஒன்றரை டஜன், மூச்சு விடாமல் வருகிறது. கடைக்கு, புருஷனுக்கு, எனக்கு, யாருக்கு வேண்டுமானாலும் கணக்காகச் சொல்கிறார்கள். மகளுக்கு என்றால் வாயில் பூட்டு. சிஸ்டர் எமரென்சியாவைப் பற்றிச் சொன்னேன். அந்த 'சம்' கதையையும் சொன்னேன். அளவு சொல்லாமல் பேசினால் ஸ்கேலால் அடி விழும், அது படிக்காதவர்கள் பேச்சு என்று எச்சரிக்கைக்காகத்தான் சொன்னேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி ஒரு சொல்லு இருக்கா மதினி? சம்மா? எண்ணாமலே கேக்கலாமா? இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் சம் மில்க், சம் எக்ஸ், சம் ஆரஞ்ச். லோஃப், பைன்ட் எல்லாம் அப்படியே காற்றில் போயிற்று. நான் பாடுபட்டது எதுவும் மிச்சமில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் நிம்மதியும்தான். இனிமேல் நான் சொல்ல வேண்டியதே இல்லை, விஷயம் தானாகவே தெரிந்துவிடும்.

தெரியவேண்டியவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு பரீட்சை வைத்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். "இதுதான் லீட்ஸ். தமிழே வரக் கூடாது. பொன்மணிக்கு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். நடந்ததை நடந்தபடி அருணாவுக்கு அனுப்பிவிடலாம், அவனே பார்த்து முடிவு பண்ணட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னேன் என்று யாரும் நாளைக்குச் சொல்லக் கூடாது.

பழம் நிறுக்கிற இடத்தில் ஒரு பெண் நின்றாள். மதினி போய்க் கும்பிட்டார்கள். கடையில் யார் கும்பிடுவார்கள்? "ஹலோ. சம் ஆரஞ்ச்" என்றார்கள்.

"எத்தனை கிலோக்கா?"

"சம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே விட்டத்தைப் பார்த்தேன். நான் பரீட்சை அதிகாரி, உதவக் கூடாது. அவள் நாலு பழம் எடுத்துப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மதினி சிரித்துக்கொண்டே நின்றார்கள். இன்னும் ரெண்டு போட்டாள். அப்போதும் சிரிப்புதான். "யாருக்குக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மதினிக்குத் தமிழ் பேசக் கூடாது என்று நான் போட்ட சட்டம் ஞாபகம் வந்துவிட்டது போல. ஒன்றும் பேசாமல் தன் வயிற்றுக்கு முன்னால் கையை வட்டமாக வளைத்துக் காட்டினார்கள். "மை பேபி. பேபி" என்றார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கிற்றோ, அடுக்கில் இருந்ததை விட்டுவிட்டுக் கீழே குனிந்து புதுப்பெட்டியைத் திறந்து நல்ல பழமாகப் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். பை நிறைகிறவரைக்கும் போட்டாள். மதினி அப்புறம்தான் உள்ளங்கையைக் காட்டினார்கள். "தேங்க்யூ. இனஃப்." இனஃப் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எங்கே பொறுக்கினார்களோ.

பரீட்சையில் முட்டை மார்க். இங்கிலாந்தில் எவள் புதுப்பெட்டி திறப்பாள்? வீடியோவை அப்படியே அனுப்பினேன். கீழே ஒரு வரிதான் எழுதினேன்: 'நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே பார்.'

ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அருணா கூப்பிட்டான்.

"அம்மா, அத்தைக்கு டிக்கெட் போட்டாச்சு."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "வீடியோ பார்த்தியாடா?"

"பார்த்தோம்மா. பொன்மணி அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கா. ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரே அழுகை. அன்னைக்குத்தான்மா ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டா."

"வயிறு நிறையன்னா எவ்வளவு?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க். அப்புறம், "நான் அப்புறமா பேசுறேம்மா" என்றான்.

நானும் விடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "கடையில் எப்படிடா பேசுவாங்க?" என்றேன். "அங்கே யார்கிட்டயும் பேச வேண்டாம்மா. நாமளே எடுத்து மெஷின்ல காட்டிட்டு வந்துரலாம்" என்கிறான். அப்படியென்றால் பின்னே எதற்காக என்னைப் பாடம் நடத்தச் சொன்னான்? நீங்களே சொல்லுங்கள். இத்தனை நாள், தினமும் மதியம் ஒரு மணிக்கு, பொன்மணியோடு பேசுவதைக்கூட விட்டுவிட்டு. நான் இவரிடம் கேட்டேன். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

மதினிக்கு ஒரு கர்வம் கிடையாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து சொல்லிக்கொண்டார்கள். "நியாயமா நீங்க போக வேண்டியது மதினி. உங்களுக்குத்தான் பாஷை தெரியும்" என்றார்கள். நானும் மறுக்கவில்லை, உள்ளதைத்தானே சொல்கிறார்கள். "பிள்ளை பிறந்ததும் எடை எவ்வளவுன்னு கேட்டு எனக்குச் சொல்லணும்" என்றேன். "டாக்டரம்மா சொல்லும்போது நான் காதைப் பொத்திக்கிடுவேன் மதினி, மாப்பிள்ளையே உங்களுக்குச் சொல்லுவாங்க" என்றார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர்கள் வீட்டுக்காரருக்குக் கார்த்திகை விளக்கு வியாபாரம், கடையை விட்டு அசைய முடியாது. ஏர்போர்ட்டில் இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று நானே வந்தேன். வாசலில் நிற்கிற போலீஸ்காரனிடம் டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து நீட்டி, "திஸ் லேடி இஸ் டிராவலிங் அலோன், கைன்ட்லி அசிஸ்ட்" என்றேன். "உள்ளே போகட்டும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். சங்கரன்கோவில்காரனாம்.

மதினி உள்ளே போனார்கள். நானும் இவரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டியோடு திரும்பி வருகிறார்கள். பெட்டி எடை கூடிப்போச்சாம், ஏதாவது எடுத்தால்தான் ஏற்றுவார்களாம். வாசலிலேயே பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்தார்கள். சுக்கு, லேகியம், உளுந்து மாவு, பிள்ளைக்கு விரிக்கப் பழைய வேட்டித் துணி. அதற்கு அடியில் நான் அருணாவுக்குக் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி, எள்ளுப்பொடி. எல்லாவற்றிலும் எடை எழுதி ஒட்டியிருந்தேன். அதை எடுத்துவிடுவார்கள் என்றுதான் கையை நீட்டினேன். அதைத் தொடவில்லை. தன்னுடைய கம்பளி, ஸ்வெட்டர், ரெண்டு சேலை, ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைக்கிறார்கள்.

"என்ன மதினி இது? அங்கே உறையுற குளிரு. என் பொடியை எடுத்துட்டு ஸ்வெட்டரை வைங்க."

"அது நீங்க உங்க பிள்ளைக்குக் குடுத்ததுல்லா. நான் எப்படி எடுப்பேன்? எனக்குக் குளிராது மதினி. அடுப்படிலதானே நிக்கப் போறேன்."

என் கையில் ஒரு கோட்டு இருந்தது. ஏர்போர்ட்டுக்கு ஏன் கோட்டு என்று கேட்பீர்கள். காலையில் கிளம்பும்போது குளிராக இருந்தது. நீலக் கோட்டு, முழங்கால்வரைக்கும் வரும், உள்ளே பஞ்சு வைத்தது. ஆடியில் சென்னையில் என் தங்கை வீட்டுக்குப் போனபோது வாங்கினேன். தள்ளுபடி போட்டிருந்தான். நல்ல சாமான் தள்ளுபடியில் கிடைத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்? பீரோவில் சும்மாதான் தொங்கியது.

"உடம்புல போட்டிருக்கறதுக்கு எடை கிடையாது. கையை நீட்டுங்க" என்றேன்.

"இது உங்களுக்கு வாங்கினதுல்லா மதினி?"

"எனக்கு எதுக்கு? பாளையங்கோட்டையில இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கே அலைய?"

என் உயரம் எங்கே, அவர்கள் உயரம் எங்கே. கணுக்கால்வரைக்கும் இறங்கிவிட்டது. கை விரல்கூட வெளியே தெரியவில்லை. ரெண்டு கையையும் நானே மடித்துவிட்டேன், பொத்தானையும் போட்டுவிட்டேன். போலீஸ்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். "மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தார்கள். "போங்க, போங்க, நேரமாச்சு" என்று விரட்டிவிட்டேன்.

அவர்கள் திரும்பி நடந்தபிறகுதான் பார்க்கிறேன், கழுத்துக்குப் பின்னால் கடையில் கட்டின அட்டை தொங்குகிறது. கம்பெனி பெயர், என் சைஸ், ஆடித் தள்ளுபடித் தேதி எல்லாம் போட்ட அட்டை. நான் அதை வெட்டவே இல்லை. கண்ணாடியைத் தட்டினேன். அவர்கள் திரும்பிப் பார்த்து, நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து, மடித்த கையைத் தூக்கி ஆட்டினார்கள். அப்படியே கூட்டத்தில் போய்விட்டார்கள்.

லீட்ஸ் வரைக்கும் அந்த அட்டை தொங்கிக்கொண்டேதான் போகும். அருணாதான் கூப்பிட வருவான். கோட்டை வாங்கி மாட்டும்போது பார்ப்பான். என் சைஸ் அவனுக்குத் தெரியும். ஆடி மாதமே வாங்கியது என்பதும் தெரிந்துவிடும், அவன் என்னிடம் பாடம் நடத்தச் சொல்வதற்கு முன்னாலேயே. பொன்மணியிடமும் காட்டுவான். அதுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

வள்ளியூர் வந்துவிட்டது, நீங்கள் எழுந்திருங்கள், கூட்டம் ஏறிவிட்டால் இறங்க முடியாது. கோட்டைப் பற்றி அருணா கேட்க மாட்டான். கேட்டால் தள்ளுபடி என்று சொல்லிக்கொள்ளலாம்.